பாப்பாவின் வயிற்றுச் சுற்றளவு

12 ஜூன், வியாழன்

இதை யாராவது படிக்க நேர்ந்தால் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்து யானை மாதிரியும் அடுத்தது எறும்பு மாதிரியும் வருகிறது. வரி மேற்கே ஆரம்பித்துத் தெற்கே போய்விடுகிறது. எழுபத்தொரு வயதுக் கை இது. ஐம்பது வருடம் மாட்டு மடியைப் பிடித்த கை, பேனாவையும் அப்படித்தான் பிடிக்கிறது. 'ஞ' எழுதி முடிப்பதற்குள் ஒரு மாட்டைக் கறந்துவிடலாம். அசிங்கமாக இருந்தாலும் இது என் எழுத்து. ஐந்து மாதத்துக்கு முன்பு இதுகூட இல்லை.

என் பெயர் காளியண்ணன். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கிற முதியோர் வகுப்புக்குப் போகிறேன். எண்கள் முன்பே தெரியும். பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறவனுக்கு எண் தெரியாமல் முடியாது. எழுத்துதான் புதுசு. வேதவல்லி டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்து, "தினமும் ஒரு வரியாவது எழுதணும், அய்யா" என்றார். ஒரு வரி என்ன, பக்கத்தையே தாண்டிவிட்டேன்.

பேத்தியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். என் மகள் கோகிலா பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். தாய் இல்லாத வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று அவள் மாமனார் இழுத்தார். வெந்நீர் வைக்க எனக்குத் தெரியாதா என்று கேட்டு அழைத்து வந்தேன். பாப்பாவுக்குப் பத்து வாரம் ஆகிறது. மூன்று வாரமாக வயிறு பெருத்துக்கொண்டே போகிறது. தோல் பளபளவென்று இழுத்துக் கட்டியது போல இருக்கிறது. பச்சை நரம்பு தெரிகிறது. தொப்புள் வெளியே தள்ளி நிற்கிறது. கையும் காலும் மட்டும் குச்சி. காற்று என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். காற்று என்றால் தட்டினால் மத்தளம் மாதிரிச் சத்தம் வரும். மாட்டு வயிற்றைத் தட்டிப் பார்த்தவனுக்கு அது தெரியும். இது மந்தமாகச் சத்தம் போடுகிறது. உள்ளே தண்ணீர்.

14 ஜூன், சனி

சம்பந்தி பெரியசாமி வந்தார். மருமகன் லோகநாதனின் அப்பா.

"சீர் தட்டியிருக்குதுங்க. ஆகாதவங்க யாரோ தொட்டிருக்காங்க. மந்திரிச்சுக் கயிறு கட்டுனாப் போயிரும்."

"கயிறு கட்டுறதுக்கு வயித்துல இடம் எங்கீங்க இருக்குது?" என்றேன்.

"நாலு எழுத்துப் படிச்சதுல இருந்து உங்க பேச்சே தனியாப் போச்சு."

"இன்னும் நாலு படிச்சுட்டா வாசல்லயே நிறுத்திருவேன், போங்க."

கோகிலா சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிக்கிறாள். திங்கள் காலை முதல் பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். யார் குறுக்கே நின்றாலும் போகிறோம். மாடுகளைப் பக்கத்துத் தோட்டத்து ராக்கியப்பன் பார்த்துக்கொள்வான்.

16 ஜூன், திங்கள்

ஆஸ்பத்திரி முழுவதும் எழுத்து! ஒவ்வொரு கதவின் மேலும் எழுத்து. 'குழந்தைகள் வார்டு'. 'காலணிகளை வெளியே விடவும்'. 'சத்தம் போடாதீர்'. அதை நான் சத்தமாகத்தான் படித்தேன். காவலாளி முறைத்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு கண் காட்ட இதே கட்டடத்துக்கு வந்து, கழிவறை எங்கே என்று ஆறு பேரைக் கேட்டேன். இன்று யாரையும் கேட்கவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். நான் சொன்னதுதான். வயிறு நிறையத் தண்ணீர். ஊசி போட்டுக் கொஞ்சம் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர் மெஹருன்னிசா. ஒல்லியானவர், வேகமாகப் பேசுகிறார். படிவத்தில் கோகிலா கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டு, சிஸ்டர் பிரிசில்லா மை டப்பாவைத் திறந்து வைத்தார்.

"அத மூடுங்கம்மா. பேனா குடுங்க."

முழுப் பெயரையும் எழுதினேன். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண், "தாத்தா, நடுவுல கொஞ்சம் மூச்சு விடுங்க" என்றாள்.

ஊசி வழியாக வந்ததைச் சின்னக் குழாயில் பிடித்துக் காட்டினார்கள். வெள்ளை. நல்ல கெட்டி வெள்ளை.

"இது பாலுங்க" என்றேன்.

"பால் மாதிரி இருக்கு. பால் இல்லைங்க, அய்யா. இதுல கொழுப்பு எவ்வளவு இருக்குன்னு லேப்ல பாக்கணும்."

கொழுப்புச் சோதனை! சொசைட்டியில் தினமும் இரண்டு வேளை நான் பார்ப்பது. பயத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு தெம்பு வந்தது. தெரிந்த இடத்துக்கு வந்துவிட்டது போல.

ஊசிக்கு முன்பு வயிறு 49 சென்டிமீட்டர். பிறகு 45.

17 ஜூன், செவ்வாய்

டாக்டர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

சாப்பிடுவதில் உள்ள கொழுப்பு நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. குடலிலிருந்து அதை எடுத்துச் செல்லத் தனியாக நூலைவிட மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. அதில் ஓடுவதற்கு நிணநீர் என்று பெயர். பாப்பாவுக்கு அந்தக் குழாய்கள் கருவிலேயே சரியாக அமையவில்லை. எங்கேயோ ஒழுகுகிறது. தாய்ப்பால் குடிக்கக் குடிக்க, அதிலுள்ள கொழுப்பு நிணநீரோடு வயிற்றுக்குள் கொட்டுகிறது. உடம்புக்குச் சேர வேண்டிய சத்தும், நோயை எதிர்க்கும் அணுக்களும் கூடவே போகின்றன. அதனால்தான் வயிறு பெருக்கிறது, கை கால் சுருங்குகிறது. குழாயில் எடுத்த நீரில் கொழுப்பு மிக அதிகம் என்று லேப் சொல்லிவிட்டது. சந்தேகமே இல்லையாம்.

"நான் படுத்துட்டுப் பால் குடுத்ததாலயா, மேடம்? என்ற மாமனார் அப்படித்தான் சொல்றாரு" என்று கோகிலா கேட்டாள்.

"நீ உக்காந்து குடுத்தாலும், நின்னு குடுத்தாலும், தலைகீழா நின்னு குடுத்தாலும் இது வந்திருக்கும். உன் தப்பு இதுல ஒரு துளி இல்ல. வேற மாதிரி சொல்றவங்கள என்கிட்ட அனுப்பு."

இந்த வரியை அப்படியே எழுதிக்கொண்டு, சம்பந்திக்குப் போன் போட்டு, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக் காட்டினேன். அவர் பாதியில் வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டு மீதியையும் படித்தேன்.

18 ஜூன், புதன்

வைத்தியம் இதுதான். தாய்ப்பாலை நிறுத்த வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு பவுடர். அதில் இருக்கிற கொழுப்பு வேறு சாதி. அந்த மெல்லிய குழாய்களைத் தேடாமல் நேராக ரத்தத்தில் சேர்ந்துவிடும். குழாய்க்கு வேலை இல்லாமல் போனால் ஒழுகல் குறையும். பல குழந்தைகளுக்குச் சில வாரங்களில் தானாகவே அடைத்துக்கொள்ளுமாம். அடையாவிட்டால் வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் நரம்பு வழியாக உணவு. அதற்கும் அடங்காவிட்டால் ஆபரேஷன்.

கட்டிலில் ஒரு தாள் தொங்குகிறது. பாப்பா வாய்க்குள் எது போனாலும் நேரத்தோடு அதில் எழுத வேண்டும். பக்கத்தில் வயிற்றளவும் எடையும்.

கோகிலாவின் பாலைக் கறந்து ஆஸ்பத்திரிப் பால் வங்கிக்குக் கொடுக்கச் சொன்னார்கள். தாய்ப்பால் கிடைக்காத மற்றக் குழந்தைகளுக்குப் போகும். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எடுக்கிறாள். பாப்பா பக்கத்தில் பசித்து அழுகிறாள். நான் வெளியே வந்து, 'எச்சில் துப்பாதீர்' என்பதை ஏழெட்டு முறை படித்தேன்.

21 ஜூன், சனி

46. எடை 4 கிலோ 600.

ஆண்களுக்கு வார்டில் இடம் கிடையாது. கோகிலா குளிக்கப் போகிற மதியம் மூன்று மணிக்கு மட்டும், பாப்பாவைப் பார்த்துக்கொள்ள என்னைப் பத்து நிமிடம் விடுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் வராந்தா.

24 ஜூன், செவ்வாய்

44.5. எடை 4 கிலோ 300. எடை குறைகிறதே என்று கேட்டேன். "அது தண்ணியோட எடை, அய்யா. நல்லதுதான்" என்றார் டாக்டர். எடை குறைவது நல்லது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சம்பந்தி மறுபடி வந்தார். வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் மாதிரிச் சொன்னார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாமுங்க. பொறக்கும்போதே கோளாறு. பொட்டப்புள்ள வேற. சின்னஞ்சிறுசுக, இன்னொண்ணு பெத்துக்குவாங்க."

"உங்களுக்கு முட்டி வலிக்குதுன்னு போன மாசம் ஊசி போட்டீங்களே, அப்ப உங்க மவன் இன்னொரு அப்பன் பாத்துக்கலாம்னு சொன்னானா?"

எழுந்து போய்விட்டார். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். நான் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

26 ஜூன், வியாழன்

43.5. பவுடர் கலக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கழுநீர் மாதிரி இருக்கிறது. மோந்து பார்த்தேன், மணம் இல்லை. இப்படி ஒரு பாலை நான் சொசைட்டிக்குக் கொண்டு போயிருந்தால் கேனோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். கன்று நோஞ்சானாக இருந்தால் கறந்து முடிக்கும்போது வரும் கடைசிப் பாலைக் கொடுப்போம். கடைசிப் பாலில்தான் கொழுப்பு நிற்கும். கன்று எழுந்து நின்றுவிடும். பாப்பாவின் தொடை என் கட்டைவிரல் கனம்கூட இல்லை.

படித்தவர்கள் சொல்கிறார்கள். சரி.

27 ஜூன், வெள்ளி

துணி எடுத்து வர வீட்டுக்குப் போனேன். சிவலைப் பசு என்னைப் பார்த்ததும் கத்தியது. மாலையில் திரும்பிவிட்டேன். கோகிலாவுக்கென்று சின்ன எவர்சில்வர் டப்பாவில் வெண்ணெய் கொண்டு வந்தேன்.

"இட்லிக்கு வெண்ணெயத் தொட்டா நான் திங்கறது? ஏம்ப்பா இதையெல்லாம் தூக்கிட்டு வர்றீங்க?" என்றாள்.

டப்பா என் பையிலேயே இருக்கிறது.

28 ஜூன், சனி

43. எடை 4 கிலோ 100.

மூன்று மணிக்குப் பாப்பாவும் நானும் பத்து நிமிடம் இருந்தோம். என் விரலைச் சப்பினாள். அப்படி ஒரு சிரிப்பு! வேறொன்றும் எழுத இல்லை.

29 ஜூன், ஞாயிறு

நான் கதவைத் தாண்டியதுமே பாப்பா வாயைத் திறக்கிறாள். ஆளைத் தெரிந்துகொண்டாள்.

1 ஜூலை, செவ்வாய்

43.5. அரைச் சென்டிமீட்டர் கணக்கே இல்லை. நாடாவை இறுக்கிப் பிடித்தால் குறையும், தளர்த்தினால் கூடும். எடை நூறு கிராம் கூடியிருக்கிறது. பாருங்கள்.

3 ஜூலை, வியாழன்

44.5. ஆஸ்பத்திரி நாடா பழசு. சிஸ்டரிடம் சொன்னேன். "உங்க பேத்தி வயிறுதான் புதுசா மாறுது, தாத்தா" என்றார்.

5 ஜூலை, சனி

46. கோகிலா சாப்பிடவில்லை. டாக்டர் அவளிடம் இரண்டு முறை கேட்டார்: "பவுடர் தவிர வேற எதாவது குடுத்தியா? ஒரு வாயாச்சும் தாய்ப்பால்?" இல்லை என்று சொன்னாள். மூன்றாவது முறை கேட்டபோது அழுதாள்.

நான் வராந்தாவில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

மூன்று மணிக்கு உள்ளே போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். கழிவறைக்குப் போய் டப்பாவைக் கழுவினேன். வெண்ணெய் சீக்கிரம் போகவில்லை.

6 ஜூலை, ஞாயிறு

எழுத நேரம் இல்லை.

7 ஜூலை, திங்கள்

47.

இன்று நடந்ததை ஒன்றும் விடாமல் எழுத வேண்டும். எத்தனை நேரம் ஆனாலும் சரி.

காலையில் டாக்டர் இன்னொரு டாக்டரோடு வந்தார். அவர் ஆபரேஷன் செய்கிறவர். ஞாயிறு லீவுக்கு வந்திருந்த லோகநாதனும் ஊருக்குத் திரும்பாமல் இருந்தான். என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"முதல் பத்து நாள் பவுடர் நல்லா வேலை செஞ்சது. அப்புறம் ஏன்னு தெரியல, மறுபடி நிறையுது" என்றார் டாக்டர் மெஹருன்னிசா. "இனி காத்திருக்கிறது ஆபத்து. நாளைக்குக் காலைல கழுத்துப் பக்கம் பெரிய நரம்புல குழாய் போட்டு, அது வழியா மட்டும் உணவு. வாய்க்கு ஒரு சொட்டும் கிடையாது. இத்தனை பலவீனமான குழந்தைக்கு அந்தக் குழாய் வழியா கிருமி போற பயம் இருக்கு. மறைக்க விரும்பல. அதுக்கும் அடங்கலைன்னா வயித்தத் திறந்து எங்க ஒழுகுதுன்னு தேடணும்."

லோகநாதன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கோகிலா, "செய்யுங்க மேடம்" என்றாள். படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். சாட்சி இடத்தைக் காட்டி என்னிடம் கொடுத்தார்கள். சிஸ்டர் இந்தத் தடவை மை டப்பாவை எடுக்கவில்லை. தானாகவே பேனாவை நீட்டினார்.

அந்தப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியும். கைநாட்டுக்காரனாக இருந்திருந்தால் உருட்டிவிட்டு வந்திருப்பேன். 'உணவு மாற்று சிகிச்சை பலனளிக்காததால்' என்று ஒரு வரி. அதைப் படித்தேன். மறுபடி படித்தேன். அந்த வரி பொய். அது பொய் என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்.

வாயைத் திறந்தேன். கோகிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தச் சொல்லும் வராது.

படிவத்தை அப்படியே வைத்துவிட்டுக் கட்டிலில் தொங்கிய தாளைக் கழற்றினேன். 28 ஜூன் என்ற கட்டத்தைத் தேடினேன். மூன்று மணிக்கு நேரே இடம் காலியாக இருந்தது. எழுதினேன்.

'வெண்ணெய். விரல் நுனி. கொடுத்தது காளியண்ணன்.'

29-க்கும் அதையே எழுதினேன். 30-க்கும். 1, 2, 3, 4. மூன்றாம் தேதியிலிருந்து விரல் நுனி என்பதை அடித்துவிட்டு 'நகம் மறையும் அளவு' என்று எழுதினேன். அதுதான் உண்மை. ஏழு கட்டம். நிற்கிற டாக்டர்களுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னங்க அய்யா எழுதுறீங்க? அது எங்க தாள்" என்று ஆபரேஷன் டாக்டர் கையை நீட்டினார். கொடுத்தேன்.

டாக்டர் மெஹருன்னிசா வாங்கிப் படித்தார். கீழே வரை படித்தார். அவர் முகம் சிவந்தது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஏழு நாளா?"

"ஏழு நாளுங்க."

"நாளைக்கு இந்தக் குழந்தை கழுத்துல நான் துளை போட இருந்தேன். தெரியுமா உங்களுக்கு?"

"தெரிஞ்சுதானுங்க எழுதுனேன்."

அவர் படிவத்தை எடுத்து நடுவில் கோடு போட்டார். "அஞ்சு நாள். பவுடர் மட்டும். அம்மா மட்டும்தான் தொடணும். அஞ்சு நாள்ல குறையலைன்னா குழாய். இவர் இந்தக் கதவுக்கு உள்ள வரக்கூடாது." கடைசி வரியை என்னைப் பார்க்காமல் சிஸ்டரிடம் சொன்னார்.

கோகிலா அழவில்லை. அதுதான் எனக்கு நெஞ்சில் இன்னும் குத்துகிறது.

"எம் பால ஊருப் புள்ளைகளுக்கெல்லாம் பீச்சிக் குடுத்துட்டு, எம் புள்ளைக்கு ஒரு சொட்டுக் குடுக்காம பல்லக் கடிச்சுட்டு இருந்தேன். அவ அழுவும்போது எனக்கு மாரு கட்டி வலிக்கும். அப்பவும் குடுக்கல. உங்க வெண்ணெய்க்கு மட்டும் கை நீண்டுச்சாக்கும்?"

"அம்மிணி, அவ தொடையப் பாத்து..."

"போங்கப்பா. அக்கட்டால போங்க."

வெளியே வந்தேன். லோகநாதன் பின்னாலேயே வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் நின்றேன். பக்கத்தில் வந்து, "நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேனுங்க, மாமா" என்றான். அது திட்டா, ஆறுதலா, எனக்குத் தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினான்.

8 ஜூலை, செவ்வாய்

47.

சம்பந்திக்குச் செய்தி போய்விட்டது. காலையிலேயே போன்.

"என்னுங்க வாத்தியாரே, படிச்சுக் கிழிச்சது இதுதானா?"

"ஆமாங்க, தப்புப் பண்ணினேன். பண்ணுனத எழுதியும் குடுத்தேன். நீங்க அவள வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிச் சாக விடலாமுன்னு சொன்னீங்களே, அதையும் எழுதித் தரட்டுங்களா?"

இந்தத் தடவை அவர் வைக்கும் முன் நான் வைத்தேன். ஆனால் வெற்றி மாதிரி இல்லை. இருவருமே அவளைக் கொல்லப் பார்த்தவர்கள்தான். அவர் கைவிட்டு. நான் கொஞ்சி.

9 ஜூலை, புதன்

வீட்டுக்குப் போகச் சொல்கிறார் காவலாளி. "உள்ள விடமாட்டாங்க, பெருசு. இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?"

"வார்டுக்குள்ளதான வரக்கூடாது? வராந்தாவுல உக்காரக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்குது, காட்டுங்க."

அவர் நாலு சுவரையும் பார்த்தார். அப்படி ஒரு பலகை இல்லை. எனக்கு முன்பே தெரியும். எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

சிஸ்டர் போகிற போக்கில் சொன்னார்: 46.5.

10 ஜூலை, வியாழன்

45.5. கோகிலா என்னைக் கடந்து இரண்டு முறை தண்ணீர் பிடிக்கப் போனாள். பார்க்கவில்லை. சரி. பார்க்க வேண்டாம். பாப்பாவைப் பார்த்தால் போதும்.

11 ஜூலை, வெள்ளி

காலை பத்து மணி ஆகியும் சிஸ்டர் வரவில்லை. ஜன்னல் கம்பிக்கு உள்ளே ஒரு கை தெரிந்தது. மருந்துச் சீட்டின் பின்புறம் பெரிதாக 44.5 என்று எழுதியிருந்தது. பிடித்திருந்தது சிஸ்டர் இல்லை. கண்ணாடி வளையலைப் பார்த்தேன். என் மகளின் கை. முகத்தைக் காட்டவில்லை. எண்ணை மட்டும் நான் படித்து முடிக்கும்வரை பிடித்திருந்தாள்.

12 ஜூலை, சனி

ஐந்தாம் நாள். 43.5. டாக்டர் வராந்தா வழியாகப் போகும்போது நின்றார். நானும் எழுந்து நின்றேன்.

"குழாய் வேண்டாம். பவுடரே தொடரட்டும்."

"நெம்ப நன்றிங்க."

"நன்றி எனக்கு வேண்டாம், அய்யா. நீங்க எழுதலைன்னா நான் இன்னைக்கு உங்க பேத்திக்கு வேண்டாத வைத்தியம் பண்ணிட்டு இருப்பேன். நீங்க வெண்ணெயே குடுக்கலைன்னா அவ இந்நேரம் வீட்டுல இருப்பா. ரெண்டையும் சேத்தே ஞாபகம் வச்சுக்குங்க."

இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதிவிட்டேன்.

19 ஜூலை, சனி

41.5. ஸ்கேனில் வயிற்றின் அடியில் ஒரு கோடு அளவுதான் நீர் இருக்கிறது. எடை கூடுகிறது. இது தண்ணீர் எடை இல்லையாம், சதை. தொடையில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது என்று சிஸ்டர் சொன்னார்.

இன்று வார்டு கதவு வரை கூப்பிட்டார்கள். இனிக் கோகிலாவின் பாலையே கொடுக்கப் போகிறார்கள், ஆனால் கொழுப்பை எடுத்துவிட்டு. லேப் இயந்திரத்தில் பாலை வேகமாகச் சுற்றினால் ஆடை தனியாக மேலே வந்துவிடும். அதை நீக்கி, பாப்பாவுக்கு ஒத்துக்கொள்கிற எண்ணெயைச் சேர்த்துக் கொடுப்பார்களாம். எனக்கு ஒரே சந்தோஷம். "அட, நம்ம சொசைட்டியில ஆடை எடுக்கிற செப்பரேட்டர்!" என்றேன். பிறகு வாய் சும்மா இருக்காமல், "மேல நிக்கிற ஆடைய என்னுங்க பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

டாக்டர் பார்த்த பார்வையில் இரண்டடி பின்னால் போனேன். கோகிலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

24 ஜூலை, வியாழன்

பாப்பா இன்று தன் தாயின் பாலைக் குடித்தாள். புட்டியில்தான். ஆனாலும் தாயின் பால். வயிறு 41.5-லேயே நிற்கிறது.

2 ஆகஸ்ட், சனி

வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. வயிறு 41. இன்னும் சில மாதத்துக்குப் பவுடரும், ஆஸ்பத்திரியில் ஆடை எடுத்துத் தருகிற பாலும்தான். மறுபடி ஒழுகலாம், ஒழுகாமலும் இருக்கலாம், வாரா வாரம் எடையும் அளவும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஒழுகினால் மறுபடி போவோம். வழி தெரியும்.

இப்போது வேறு கவலை. குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் சீனியோ, தேனோ, நெய்யில் குழைத்த ஏதாவதோ அதன் நாக்கில் தொட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்பாக வைப்பார்கள். எத்தனை அன்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் நாளே நான்கு பேர். கோகிலா ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "ஒரு விரல் நுனிதான கண்ணு, என்ன ஆயிரும்?" என்றாள் ராக்கியப்பனின் மனைவி.

என்ன ஆகும் என்று சொல்ல ஒருவன் வேண்டும். நேற்று ஒரு பலகையைச் சீவி, சுண்ணாம்பு அடித்து, காய வைத்து, கரியில் எழுதி வாசல் நிலையில் மாட்டினேன். காலையில் ஆரம்பித்து மதியம் ஆனது.

'பாப்பா வாயில் யாரும் எதையும் வைக்கக் கூடாது. விரல் நுனி வெண்ணெய் வைத்து அவளை ஆபரேஷன் வாசல் வரை கொண்டு போனவன் நான். இப்படிக்கு, காளியண்ணன்.'

இன்று மாலையில் லோகநாதனும் அவன் அப்பாவும் வந்தார்கள். லோகநாதன் படித்துவிட்டுப் பதறினான்.

"மாமா, ஊரே படிக்குமுங்க!"

"படிக்கட்டும்னுதான மாட்டியிருக்குது."

"பேரையாச்சும் அழிச்சுருங்க."

"பேரு இல்லாட்டி எவனோ ஒரு கிறுக்கன் எழுதுனதுன்னு போயிருவாங்க. காளியண்ணன்னு இருந்தா, அம்பது வருசம் மாடு வச்சிருந்தவனே ஏமாந்துட்டானான்னு ஒரு நிமிசம் நிப்பாங்க. அந்த ஒரு நிமிசம் போதும்."

சம்பந்தி பலகையைக் கடைசி எழுத்து வரை படித்தார். கையிலிருந்த மைசூர்பாகுப் பொட்டலத்தை மடித்துத் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு உள்ளே போனார். பாப்பாவை மடியில் வாங்கினார். அவள் அவர் சட்டையை நனைத்தாள்.

கோகிலா வெளியே வந்து என் பக்கத்தில் நின்று பலகையைப் படித்தாள். இன்னும் என்னோடு முழுசாகப் பேசுவதில்லை. ஆறு மணிப் பால் கலக்கி முடித்ததும் புட்டியை என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே குடுங்கப்பா. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

நூற்றிருபது மில்லி. ஒரு சொட்டு மிச்சமில்லை. ஏப்பம் விட்டாள்.

வருகிற வியாழக்கிழமை எடை பார்க்கப் போகிறோம். அந்த எண்ணுக்காக அடுத்த பக்கத்தின் தலையில் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதுவேன். கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும், உள்ளபடி.